பருவகால ஒவ்வாமை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

பருவகால ஒவ்வாமை பற்றி வந்த கடிதங்களில், பலரும் கேட்டிருந்த ஐயங்களைத் தேர்ந்தெடுத்து இங்கே விடையளித்திருக்கிறேன். தமக்கு எழுதித் தரப்பட்ட மருந்தின் அளவைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நேரில் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்வது முறையன்று.

கேள்வி: ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், காலையில் எழுந்ததும் பதினைந்து, இருபது தும்மல்கள் அடுக்கடுக்காக வருகின்றன. மூக்கும் கண்களும் அரிக்கின்றன. நண்பகலில் சற்று அடங்கினாலும், மாலையில் மூக்கு கல்லாக அடைத்துக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று உறவினர்கள் சொல்லி, அதைக் கூட்டுவதற்கான பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கித் தருகிறார்கள். வகுப்பறையில் பேசிப் பிழைக்கும் எனக்கு இது பெரிய தொல்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட நான் என்ன செய்ய வேண்டும்? — ஓர் ஆசிரியை

பதில்: உங்கள் உறவினர்கள் அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் காரணத்தைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். உங்கள் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கவில்லை. அது தீங்கற்ற ஒரு பொருளைப் பகையென்று தவறாக எண்ணி, வீணாகப் போர் தொடுக்கிறது. 1906ஆம் ஆண்டு கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற ஆஸ்திரிய மருத்துவர் ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கியபோது, ‘மாறுபட்ட எதிர்வினை’ என்ற பொருளில்தான் அதைப் பயன்படுத்தினார். பலவீனம் என்ற பொருள் அந்தச் சொல்லில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் பொடிகளுக்கு இங்கே வேலையில்லை.

நடப்பது இதுதான். காற்றில் மிதந்து வரும் மகரந்தத் துகள் மூக்கின் ஈரமான உட்சவ்வில் படிந்ததும், அதிலுள்ள புரதங்கள் கரைந்து வெளிவருகின்றன. அந்தப் புரதத்தை அடையாளம் காண்பதற்கென்றே உங்கள் உடல் முன்னரே தயாரித்து வைத்திருக்கும் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புரதம், சவ்வில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இரண்டும் சந்தித்த சில நிமிடங்களில் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடுகின்றன. தும்மலும் அரிப்பும் நீர்வடிதலும் அதன் விளைவு. கதை அத்துடன் முடிவதில்லை. ஏறத்தாழ 4 முதல் 8 மணி நேரம் கழித்து, அழற்சியை உண்டாக்கும் பிற செல்கள் அங்கே வந்து திரள்வதால், சவ்வு வீங்கி மூக்கு அடைக்கிறது. காலையில் தும்மிய உங்களுக்கு மாலையில் மூக்கடைப்பு வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அன்றாடப் பழக்கங்கள் பலனளிப்பதன் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பருவத்தின் தொடக்கத்தில், நிறைய மகரந்தம் பட்டால்தான் மூக்கு தும்மும். நாள்தோறும் பட்டுப்பட்டுச் சவ்வு அழன்று போன பிறகு, அதே மூக்கு மிகச் சிறிய அளவுக்கும் சீறத் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் மூக்கில் படும் அளவைக் குறைத்துக்கொண்டே வருபவருக்கு அன்றைய தும்மல் மட்டும் குறைவதில்லை. அடுத்த வாரத்து மூக்கும் அமைதியாக இருக்கிறது. தொல்லை முற்றிய பிறகு தொடங்குவதைவிட, பருவம் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே இந்த ஒழுங்கைத் தொடங்குவது எளிது.

எங்கே குறைப்பது? முதலில் தலைமுடியில். பகல் முழுவதும் முடியில் படிந்த மகரந்தத்தை அப்படியே தலையணைக்குக் கொண்டு போய், இரவெல்லாம் அதில் முகம் புதைத்துத் தூங்கிவிட்டு, காலையில் தும்முகிறோம் என்று அலுத்துக்கொள்கிறோம். பருவம் நடக்கும் வாரங்களில் மட்டுமாவது குளியலை மாலைக்கு மாற்றி, முடியையும் அலசிவிடுங்கள். அது இயலாத நாளில் ஈரத் துணியால் முடியை அழுந்தத் துடைத்து, முகத்தையும் இமைகளையும் கழுவிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வெளியே உடுத்திய உடையுடன் கட்டிலில் உட்காராதீர்கள். துவைத்த தலையணை உறையை வெளியே கொடியில் உலர்த்தினால், அது காற்றிலுள்ள மகரந்தத்தை வலைபோலப் பிடித்துவைக்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள் உலர்த்துங்கள். படுக்கையறைச் சன்னலைக் காலையில் மூடி வையுங்கள்.

புகை எதுவானாலும், உங்களுடையதோ பக்கத்தில் இருப்பவருடையதோ, அழன்ற சவ்வை மேலும் புண்படுத்தும். மது அருந்துபவர்களுக்கு அன்றிரவே மூக்கடைப்பு கூடுவதுண்டு. படுக்கும்போது தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திக்கொள்வது மூச்சுக்கு நல்லது. உங்கள் காலைத் தும்மல் ஆண்டு முழுவதும் இருந்திருந்தால், மகரந்தத்தை விட்டுவிட்டுப் படுக்கையில் வாழும் தூசி உண்ணிகளைத்தான் நான் முதலில் சந்தேகித்திருப்பேன். மனிதத் தோலின் செதில்களைத் தின்று வாழும் இவை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளமே இருக்கும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பதும், அறையின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பதும் அவற்றுக்கு எதிரான வழிகள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு மூன்று வாரமாகச் சளி. காய்ச்சல் இல்லை. எந்நேரமும் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். கெட்ட பழக்கம் என்று அதட்டியும் பார்த்துவிட்டேன். இது சளியா, அலர்ஜியா? — ஒரு தாய்

பதில்: அதட்டாதீர்கள் அம்மா. அந்தத் தேய்ப்பே உங்கள் கேள்விக்குப் பாதி விடை. மூக்கின் நுனியை உள்ளங்கையால் மேலே தள்ளித் தேய்ப்பதை மருத்துவர்கள் ‘ஒவ்வாமை வணக்கம்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அரிப்பும் அடைப்பும் ஒரு நொடி தணிவதற்காகக் குழந்தை தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. பையனை வெளிச்சத்தில் உட்காரவைத்து மூக்கைப் பாருங்கள். நெடுநாள் தேய்த்திருந்தால், எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்துக்குக் கீழே, மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும். கண்களுக்குக் கீழே கருநிழல் படர்ந்திருக்கலாம்.

வைரஸால் வரும் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் அடங்கிவிடும். தொண்டை வலியும் உடல் வலியும் கூட வரும். மூக்குநீர் நாளடைவில் கெட்டியாகும். ஒவ்வாமையில் நீர் தெளிவாகவே வடியும், காய்ச்சல் இருக்காது, அரிப்பு மேலோங்கியிருக்கும், பல வாரம் நீடிக்கும். மூன்று வாரமாகியும் காய்ச்சல் இல்லாமல் மூக்கைத் தேய்க்கும் பிள்ளைக்கு ஒவ்வாமை இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை ஆன்டிபயாடிக் மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள். அது ஒவ்வாமைக்கு எதுவும் செய்யாது.

மூக்கைவிடக் கண்ணைத் தேய்ப்பதுதான் எனக்குக் கவலை. கண்ணை அழுத்தித் தேய்க்கும்போது அங்குள்ள மாஸ்ட் செல்கள் மேலும் ஹிஸ்டமினை வெளிவிடுவதால், தேய்க்கத் தேய்க்க அரிப்பு கூடும். ஆண்டுக்கணக்கில் தேய்ப்பதற்கும், கருவிழி மெலிந்து கூம்பாக மாறும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைகள்மேல் ஐந்து நிமிடம் வைக்கக் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்தும் போகும்.

கேள்வி: நாள்தோறும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுபவன் நான். பருவகாலத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். நிறுத்தத்தான் வேண்டுமா? — ஓர் இளைஞர்

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. உடற்பயிற்சியின்போது மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், அடைப்பு சற்று நேரம் விலகவே செய்யும். அதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். மாற்ற வேண்டியது நேரத்தையும் இடத்தையும்தான். பல தாவரங்கள் காலைப்பொழுதில் மகரந்தத்தை உதிர்க்கின்றன. வெயில் ஏறிக் காற்று வீசும்போது அது நாலாபுறமும் பரவுகிறது. வறண்ட, காற்றடிக்கும் நாள் உங்களுக்கு மோசமான நாள். நிதானமாக மழை பெய்து ஓய்ந்த பிறகு வரும் ஈரமான வேளை நல்ல வேளை. உங்கள் ஊரில் மகரந்த அளவு வெளியிடப்படுமானால், அதைப் பார்த்து ஓடும் நேரத்தை முடிவு செய்யுங்கள். காற்றிலுள்ள அளவு மிகுந்த நாளில் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்துகொள்ளலாம். புல் வெட்டும் இடத்தின் அருகே ஓடாதீர்கள். பக்கங்களையும் மறைக்கும் கண்ணாடி அணிந்தால் கண்ணரிப்பு குறையும். திரும்பியதும் உடை மாற்றிக் குளித்துவிடுங்கள்.

மழை நல்லதென்று சொன்னேன். இடிமழை அதற்கு விலக்கு. புல்லின் மகரந்தம் சாதாரணமாக 20 முதல் 40 மைக்ரான் வரை பருமன் கொண்டது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூக்கே அதைப் பிடித்து நிறுத்திவிடும். இடிமழைக்கு முந்திய ஈரக் காற்றில் அது ஊதி வெடித்துச் சிறு துணுக்குகளாகும்போது, அவை நேரே நுரையீரல் வரை இறங்குகின்றன. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்ன் நகரில் இவ்வாறு நிகழ்ந்தபோது, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு விரைந்தனர்; பத்துப் பேர் இறந்தனர். அதுவரை ஆஸ்துமா இருப்பதாக அறியாதவர்களும் பாதிக்கப்பட்டவர்களில் இருந்தனர். மகரந்தம் மிகுந்த பருவத்தில் வானம் கறுத்து இடி முழங்கினால், ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சன்னல்களை மூடிவிடுங்கள். ஓடும்போது இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வருமானால், அது மூக்கோடு நிற்கும் ஒவ்வாமை அன்று. ஆஸ்துமாவுக்கான பரிசோதனை தேவை.

கேள்வி: உப்பு நீரால் மூக்கைக் கழுவினால் ஒவ்வாமை குறையும் என்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன்; உயிர் போகிற எரிச்சல். இது பாதுகாப்பானதுதானா? — ஒரு வாசகி

பதில்: முறையாகச் செய்தால் மிக நல்ல பழக்கம். நீங்கள் செய்ததில் இரண்டு தவறுகள் உள்ளன. ஒன்று எரிச்சலோடு போயிற்று, மற்றது உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீரில் நெக்லேரியா என்னும் அமீபா இருந்துவிட்டால், அது மூக்கின் வழியே மூளைக்கு ஏறும். அந்தத் தொற்று மிக அரிது. ஆனால் வந்தவர் பிழைப்பது அதனினும் அரிது. அதே நீரைக் குடிப்பதால் இந்தத் தொற்று வராது என்பதால்தான், குடிக்கிற தண்ணீர்தானே என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். குமிழிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பிறகு குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்த நீர், அல்லது காய்ச்சி வடித்த நீர், இவை இரண்டைத் தவிர வேறெதையும் மூக்கில் விடாதீர்கள்.

எரிச்சலுக்குக் காரணம் நீரில் உப்பு இல்லாதது. நம் உடல் திரவத்துக்கு நிகராக 0.9 விழுக்காடு உப்பு இருந்தால் எரியாது. 250 மி.லி. நீருக்குச் சற்றேறக்குறைய 2 கிராம் உப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அயோடின் சேர்க்காத உப்பு கிடைத்தால் நல்லது. மருந்துக் கடையில் அளந்து விற்கும் பொட்டலம் இன்னும் வசதி. நீர் உடல் சூட்டில் இருக்கட்டும். கழுவுதொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடியே மேலேயுள்ள நாசியில் மெதுவாக நீரை விட்டால், அது கீழேயுள்ள நாசி வழியே தானாக வழிந்துவிடும். முதல்முறை மூழ்குவது போன்ற அச்சம் வரும்; வாயால் மூச்சு விடுவதை நிறுத்தாதவரை ஒன்றும் ஆகாது. முடிந்ததும் மூக்கை மெல்லச் சிந்துங்கள். பலமாகச் சிந்தினால் நீர் காதுப் பக்கம் போய்விடும். பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலரவைக்க வேண்டும். வெளியே போய்வந்த மாலையில் ஒருமுறை போதும். மருந்து ஸ்ப்ரே பயன்படுத்துபவர்கள் கழுவிய பிறகே அதை அடிக்க வேண்டும். முன்னதாக அடித்தால் மருந்து தொட்டிக்குப் போய்விடும்.

கேள்வி: நாள்தோறும் தேன் சாப்பிட்டால் மகரந்தம் உடலுக்குப் பழகி ஒவ்வாமை போய்விடும் என்பது உண்மையா? — ஒரு வாசகர்

பதில்: கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் நம்பத்தக்க சான்று இல்லை. தேனீக்கள் நாடிச் செல்லும் மலர்களின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. நம்மைத் தும்மவைப்பது காற்றில் பறக்கும் புல், மரம், களைகளின் மகரந்தம். பிடித்தால் தேனாகச் சாப்பிடுங்கள்; ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரக்கூடும்.

கேள்வி: அப்படியானால் நான் ஆசையாக வளர்க்கும் பூச்செடிகளை எடுத்துவிட வேண்டுமா? வீட்டில் எல்லோரும் அவற்றைத்தான் குறை சொல்கிறார்கள். — ஒரு தோட்ட விரும்பி

பதில்: முந்தைய பதிலே உங்கள் செடிகளுக்கும் சாட்சி சொல்கிறது. வண்ணமும் மணமும் பூச்சிகளை அழைப்பதற்காக. காற்றை நம்பும் தாவரத்துக்கு அவை தேவையில்லை என்பதால், அதன் பூ நம் கண்ணிலேயே படுவதில்லை. குற்றவாளி கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிட, பழி அழகான பூவின்மேல் விழுகிறது. தாமே ஒவ்வாமையால் அவதிப்பட்ட சார்லஸ் பிளாக்லி என்ற ஆங்கில மருத்துவர், ஒட்டும் கண்ணாடித் தகடுகளைப் பட்டங்களில் கட்டி உயரே பறக்கவிட்டு, மகரந்தம் மேலே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார். தம் ஆய்வுகளை 1873இல் நூலாக வெளியிட்டார். பக்கத்திலுள்ள செடியைப் பிடுங்கித் தப்பிக்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் தொட்டி மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் பூஞ்சை வளரும். அதுவும் ஒவ்வாமையைத் தூண்டும். மேல்மண் உலர்ந்த பிறகு நீர் விடுங்கள்.

கேள்வி: மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மூன்று நாள் அடித்தேன், பயனில்லை, மூக்கில் இரத்தமும் கசிந்தது. கடையில் வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்தோ நொடியில் வேலை செய்கிறது. இரண்டு மாதமாக அதையே விடுகிறேன். இப்போது அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. — ஓர் அலுவலர்

பதில்: நீங்கள் நல்ல மருந்தை அவசரப்பட்டு விட்டுவிட்டு, மற்றதில் சிக்கிக்கொண்டீர்கள். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே மூச்சு விடவைக்கும். ஆனால் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வீரியம் இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு மீண்டும் சொட்டு, பிறகு மீண்டும் வீக்கம் என்று சுழலும். இதிலிருந்து வெளிவர மருத்துவரின் துணையோடு சொட்டு மருந்தை நிறுத்த வேண்டும். முதல் சில இரவுகள் கடினமாகத்தான் இருக்கும்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை. அது அழற்சியைத் தணிக்கும் மருந்து. முழுப்பலன் தெரிய ஒன்று, இரண்டு வாரங்கள் ஆகும். உங்களுக்கு இரத்தம் கசிந்ததற்கு, குழலை மூக்கின் நடுச்சுவரை நோக்கிப் பிடித்ததே காரணமாக இருக்கலாம். தலையைச் சற்றுக் குனிந்து, இடது நாசிக்கு வலது கையாலும் வலது நாசிக்கு இடது கையாலும் பிடித்தால், குழல் தானாகவே வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பிவிடும். அடிக்கும்போது பூவை முகர்வதுபோல் மென்மையாக மூச்சை இழுத்தால் போதும். தொண்டையில் கசப்புத் தெரிந்தால், நீங்கள் பலமாக உறிஞ்சி மருந்தை விழுங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரத்தக் கசிவு தொடர்ந்தால் மருத்துவரிடம் மூக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: அலர்ஜி மாத்திரை போட்டால் மறுநாள் பகலிலும் தலை கனக்கிறது, சிறுநீர் கழிப்பதும் சிரமமாகிறது. என் வயது 68. — ஓய்வு பெற்ற வாசகர்

பதில்: நீங்கள் எடுப்பது குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகையாக இருக்கலாம், பெயரைப் பாருங்கள் ஐயா. இவை மூளைக்குள் புகுந்து உறக்கத்தைத் தருவதோடு, வாயை உலர்த்தி, ப்ராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரையும் அடைத்துவிடும். உங்கள் வயதில் அவை பொருத்தமானவை அல்ல. ஃபெக்ஸோஃபெனடின், லோரடடின் போன்ற புதிய வகைகளில் இத்தொல்லை மிகக் குறைவு. சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவு மாறலாம் என்பதால் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறுடன் விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறையும், தண்ணீருடன் விழுங்குங்கள். சிறுநீர் அறவே வராமல் நின்றுவிட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: இவையெல்லாம் செய்தும் குறையாவிட்டால் என்ன வழி? — பலர்

பதில்: எதனால் வருகிறது என்று, தோலில் சிறிதளவு குத்தி அது தடிக்கிறதா என்று பார்க்கும் தோல் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, அந்த மகரந்தத்தையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. 1911இல் லெனர்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகச் செலுத்தித் தொடங்கிவைத்த வழி அது. இன்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. பொதுவாக மூன்று ஆண்டுகளாவது தொடர வேண்டும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருக்க வேண்டும். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. பொறுமை இருப்பவர்களுக்கு நல்ல பலன் தருகிறது.

மூச்சு வாங்கினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, இந்தப் பத்தியில் விடை தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரே ஒரு நாசி மட்டும் நெடுநாள் அடைத்திருந்தாலும், அதிலிருந்து இரத்தம் கலந்த நீர் வந்தாலும் அது ஒவ்வாமையின் இயல்பன்று. காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

தோல் பரிசோதனைக்கு நாள் குறித்தவர்கள், ஏறத்தாழ ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தோல் எதற்கும் தடிக்காது. போன வேலை வீணாகும். தும்மல் எந்தத் தேதியில் தொடங்கியது, அன்று காற்றா மழையா, எங்கே இருந்தீர்கள் என்று நாட்காட்டியில் கிறுக்கி வைத்திருந்தால், அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.